பின்கட்டு அறையின் ஃபேன்

ஆனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மீட்டர் கணக்கெடுக்கிற சுடலைமணி மொபெட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அம்பிகை நகர் நாலாம் தெருவுக்குள் நுழைந்தபோது, எங்கள் பதினெட்டு வீடுகளிலும் இருந்த, மின்சாரம் தின்கிற சாமான்கள் அத்தனையும் தாமாகவே இறங்கி, நடந்து, உருண்டு, வாசல்படி தாண்டி வெளியே வந்து, அந்தந்த வீட்டு மீட்டர் பெட்டிக்கு நேராக வரிசை கட்டி நின்றன. ஃபேன்கள் கொக்கியிலிருந்து தம்மைக் கழற்றிக்கொண்டு மூன்று இறக்கைகளையும் மாற்றி மாற்றி ஊன்றி வந்தன, ஃப்ரிட்ஜுகள் அரிசி மூட்டையை நகர்த்துகிற மாதிரி இந்தப் பக்கம் ஒரு சாய்வு அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று அசைந்து வந்தன, மிக்சிகள் ஜாரைச் சமையல் மேடையிலேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தன, எல்லாவற்றின் வயரும் பின்னால் தரையில் இழுபட்டது. சுடலைமணிக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், நாய்க்கடி மட்டும் ஐந்து தடவை. அவர் முதல் வீட்டு ஃப்ரிட்ஜைத் தட்டி, மீட்டர் மறைகிறது, கொஞ்சம் தள்ளி நில் என்றார். அது தள்ளி நின்றது. அவர் எண்ணைப் பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் பற்றி ஒரு வாரம் பேசினோம். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியதுதான் காரணம் என்றார்கள் சிலர், அம்மன் கோவிலுக்குப் போன வருஷம் கொடைத் திருவிழா நடத்தாததுதான் என்றார்கள் சிலர். அதற்கு மேல் யாருக்கும் அக்கறை இல்லை. நடப்பதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் தெருவுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முதல் நாளிலேயே மூன்று சங்கதிகள் பிடிபட்டுவிட்டன. இரண்டு மாதத்தில் அதிகமாகத் தின்றது எதுவோ அது முதலில் நிற்கும், குறைந்தது கடைசியில் நிற்கும். துளிகூடத் தின்னாதது வெளியே வராது. வருவதற்கு அவற்றுக்குக் கால் உண்டே தவிர திரும்பிப் போகக் கால் கிடையாது, ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய் மாட்டினால்தான் உண்டு.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தளவாய் சார், கூட்டத்துக்குக் கூட்டம் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி எங்களுக்குப் புத்தி சொல்லுகிறவர், அவர் வீட்டு வரிசையில் ஏசி தலைமை தாங்கி நின்றது. மனைவிக்கு வீசிங் தொந்தரவு என்று கேட்காமலே சொன்னார். அவர் மனைவி சிவகாமி, வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்கு வீசிங்கெல்லாம் ஒன்றும் கிடையாது, நான் இரண்டு வருஷமாக ஹாலில்தான் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பதினாறாம் நம்பர் வீட்டுக்கு அன்றைக்குப் பார்த்துப் பெண் பார்க்க வந்திருந்தவர்கள் கிரைண்டர் எத்தனையாவதாக நிற்கிறது என்று எட்டிப் பார்த்து, இந்த வீட்டில் மாவு அரைக்கிறார்களா கடையில் வாங்குகிறார்களா என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகுதான் காபியைக் கையில் வாங்கினார்கள். அடுத்த கணக்கெடுப்பிலேயே தெரு பழகிவிட்டது. கணக்கெடுப்பு நாளில் கோலத்தை ஓரமாகப் போட்டு நடுவில் இடம் விட்டார்கள், அன்றைக்கு யாரும் நல்ல காரியம் வைப்பதில்லை, ஃப்ரிட்ஜில் மீன் இருந்தால் முந்தின நாளே குழம்பு வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு சாமானும் எவ்வளவு தின்றது என்று தனித்தனியாக எழுத ஆபீசில் கேட்டதாகவும், அதற்குக் கட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சுடலைமணி வருத்தப்பட்டார்.

ஆனி மாத வரிசையில் தெரு முழுக்க நின்று பார்த்த வீடு ஒன்பதாம் நம்பர்தான். அது உலகம்மாள் வீடு. புருஷன் காலமாகி ஆறு வருஷம், குடும்பப் பென்ஷன் வருகிறது, ஒரே பிள்ளை காசிநாதன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான் என்று சொல்லியிருந்தாள். தனியாக இருக்கிற பெண்பிள்ளை வீட்டில் என்ன இருந்துவிடப் போகிறது, ஃப்ரிட்ஜ் முதலில் நிற்கும், பிறகு ஹால் ஃபேன், டிவி, மிக்சி என்று பார்த்தால், ஃப்ரிட்ஜுக்கும் முன்னால் தவிட்டு நிறத்தில் இன்னொரு ஃபேன் நின்றது. இரண்டு மாதமாகப் பகல் என்றும் ராத்திரி என்றும் பாராமல் ஓடிய ஃபேன் மட்டும்தான் ஃப்ரிட்ஜை முந்த முடியும். தளவாய் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இது எந்த ரூம் ஃபேன் என்று கேட்டார். பின்கட்டு அறையில் வடகம் காயப் போட்டிருக்கிறேன் என்றாள் உலகம்மாள். ஆனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, மொட்டை மாடி சும்மா கிடக்கிறது, வடகத்துக்கு ஃபேன் எதற்கு என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

நடந்தது என்னவென்று பிற்பாடு அவளே சொன்னாள். காசிநாதன் மஸ்கட் போனது நிஜம். பதினோராம் நாள் விடியற்காலையில் ஆட்டோவில் வந்து இறங்கியதும் நிஜம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்கட்டு அறைக்குப் போனான், உள்ளே தாழ்ப்பாள் போட்டான், அவ்வளவுதான், நாலு வருஷம் ஆயிற்று. அறைக்குள்ளேயே குளியலறை உண்டு. மூன்று வேளையும் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட வேண்டும், அவள் நின்றால் கதவு திறக்காது. கூப்பிட்டால் பதில் வராது. முதல் வருஷம் அழுதாள், கெஞ்சினாள், வெளியிலிருந்து பூட்டிவிடுவேன் என்று மிரட்டவும் செய்தாள், பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். அறையில் ஓடுகிற ஃபேன் பழசு, ஒவ்வொரு சுற்றுக்கும் கடக் கடக் என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் அவளுக்குப் பிள்ளை. கடக் கடக் வேகமாகக் கேட்டால் அவனுக்கு வேர்க்கிறது, மெதுவாகக் கேட்டால் குளிர்கிறது, நின்று கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்டால் குளித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். ஒரு வீட்டில் ஒரு ஃபேன் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது, எந்த எண்ணில் ஓடுகிறது என்று இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருந்த மனுஷி எந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டாள்.

தெருவுக்கு மட்டும் அவன் மஸ்கட்டிலேயே இருந்தான். பிள்ளை அனுப்பினான் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வீடு பேரீச்சம்பழம் கொடுப்பாள். உள்ளூர் மேலப்பாளையம் கடைக் கவரோடு கொடுப்பாள். கவரை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அந்த ஆனிச் செவ்வாய் காலையில் அடுப்படியில் நின்றவளுக்கு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, தட்டு வைக்காத நேரத்தில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் ஃபேன் மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து கதவைத் தட்டியிருக்கிறது, அவன் ஒரு சாண் திறந்து அதை வெளியே விட்டிருக்கிறான். கணக்கெடுப்பு முடிந்து அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள், அரை மணியில் கதவடி காலியாக இருந்தது, ஒரு மணியில் கடக் கடக் கேட்டது. தன் கண்ணே படாமல் அவன் எப்படி ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினான், வயரைச் சேர்த்தான் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாளாம். வழுக்கி விழுந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தாளாம்.

ஆவணி மாதம் அடுத்த கணக்கெடுப்பு வந்தது. இந்தத் தடவை நாங்கள் தேர்ச்சி பெற்றவர்கள், சுடலைமணி வெள்ளை அட்டையை நீட்டுவதற்குள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்துவிட்டோம். அவசரத்தில் பாதி வீட்டுச் சாமான் மாறிப்போனது. எல்லோரும் ஒரே ஆடித் தள்ளுபடியில், ஒரே கடையில், ஒரே நிறத்தில் வாங்கியவர்கள். மூன்றாம் நம்பர் மிக்சி பதினொன்றுக்குப் போயிற்று, பதினொன்றாம் நம்பர் டேபிள் ஃபேன் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அன்று மதியம் உலகம்மாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அடுப்படியில் காத்திருந்தாள். ஃபேன் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சத்தம் இல்லை. இரண்டு மணி ஆயிற்று, சத்தம் இல்லை. மூன்று மணிக்கு, செய்யவே கூடாது என்று வைத்திருந்ததைச் செய்தாள், கதவைத் தட்டினாள். நாலு வருஷமாகப் பதில் வராத கதவுதான் அது, ஆனாலும் அன்றைக்கு அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. காதைக் கதவில் வைத்துப் பார்த்தாள். கீழே வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. ஸ்டூல் கண்முன் வந்தது, கொக்கி கண்முன் வந்தது, அந்த அறையில் இருந்த நைலான் கயிறு கண்முன் வந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நாலு வருஷம் கட்டிக் காத்ததை அந்த நிமிஷமே விட்டுவிட்டுச் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீடு ஜெயசீலி டீச்சருடையது. ரிட்டையராகி மூன்று வருஷம், தனியாகத்தான் இருக்கிறார், காசிநாதனுக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“டீச்சர், பெறவாசல் ரூம் கதவ ஒடைக்கணும். யாரையாவது கூப்பிடுங்க. காசி உள்ள இருக்கான்.”

“மஸ்கட்லன்னுல்லா சொன்னிய?”

“இல்ல டீச்சர். நாலு வருஷமா உள்ளதான் இருக்கான்.”

டீச்சர் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். அப்போதுதான் உலகம்மாளுக்கு அது கேட்டது. தலைக்கு மேலே, கடக் கடக், கடக் கடக். அண்ணாந்து பார்த்தாள். தவிட்டு நிற ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இது ஏன் இன்று காலையிலிருந்து இப்படிச் சத்தம் போடுகிறது, தெருப்புழுதி ஏறிவிட்டதோ என்று டீச்சர் மதியமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாராம். உலகம்மாள் அப்படியே கீரைத் தண்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சத்தமே போடாத டீச்சர் வீட்டு ஃபேன் அவள் பிள்ளையின் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

ஜெயசீலி டீச்சர் எதையும் கேட்கவில்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து ஃபேனை இறக்கினார், தானே தூக்கிக்கொண்டு ஒன்பதாம் நம்பர் வீட்டின் பின்கட்டுக்குப் போனார், தட்டைத் தாண்டி நின்றார், வகுப்பில் பேசுகிற குரலில், “காசி, ஒன் ஃபேன மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். எங்க வீட்டுத வெளிய வச்சிரு, காத்தில்லாம முடியல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் டீச்சர் வீட்டு ஃபேன் கதவடியில் இருந்தது. இறக்கைகள் மூன்றையும் யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். சோற்றுத் தட்டும் கழுவி வைக்கப்பட்டிருந்தது.

சாமான் மாறிய குழப்பத்துக்குத் தளவாய் சார் ஒரு வழி சொன்னார், அவர் வாழ்நாளில் சொன்ன உருப்படியான யோசனை அதுதான். பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற மாதிரி எல்லாவற்றுக்கும் பெயர் வெட்டிவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரக்கடை சங்கரபாண்டி தன் மெஷினோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார், நாங்கள் மிக்சியும் கிரைண்டருமாகக் குவித்தோம். மெஷின் கர்ரென்று ஓடி ஓடி ஆளாளுக்குப் பெயர் போட்டது. தளவாய் சார் வீட்டு ஏசியில் சிவகாமியின் பெயர் விழுந்தது, அது எப்படி என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. உலகம்மாள் ஃப்ரிட்ஜைக் காட்டினாள், ஹால் ஃபேனைக் காட்டினாள், எல்லாவற்றுக்கும் காலமான புருஷன் பெயரைச் சொன்னாள். கடைசியாகப் பின்கட்டு ஃபேன். அதைக் கேட்டு வாங்க அவள் கதவடியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள், காலையில் ஃபேன் வெளியே இருந்தது.

“இதுல யார் பேரும்மா?” என்றார் சங்கரபாண்டி.

பதினெட்டு வீட்டு ஆட்களும் நின்றிருந்தோம். டீச்சர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. உலகம்மாள் ஃபேன் இறக்கையை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு, “காசிநாதன்” என்றாள். கேட்கும்படியாகவே சொன்னாள். மெஷின் ஓடியது. இறக்கை மெல்லிசு, அதிர்ந்து அதிர்ந்து எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. மஸ்கட்டைப் பற்றி அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் தெருவில் பழைய பேப்பர், மாத இதழ், குறுக்கெழுத்துப் புத்தகம் எதுவும் எடைக்குப் போகவில்லை, எல்லாம் ஒன்பதாம் நம்பருக்குப் போயிற்று. சிவகாமி வெள்ளிக்கிழமைகளில் சுண்டல் கொடுத்தனுப்பினால் இரண்டு கிண்ணமாகக் கொடுத்தனுப்பினாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்களூரில் அன்றைக்கு ஓடுகிறதற்கும் அறுக்கிறதற்கும் சுற்றுகிறதற்கும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விடுவதில்லை, அரிவாள்மணைக்கு வைப்போம், சைக்கிளுக்கு வைப்போம், இந்த வருஷம் வரிசையில் நிற்கிற பெருமையால் டார்ச் லைட்டு சார்ஜருக்கும் வைத்தோம். உலகம்மாள் வீட்டில் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டாள், பின்கட்டு ஃபேன் ஒன்று மட்டும் பொட்டில்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுத் தட்டில் பொரிகடலைக்குப் பக்கத்தில் குழைத்த சந்தனத்தை ஒரு சின்னக் கிண்ணத்திலும் குங்குமத்தை ஒரு காகிதத்திலும் வைத்தாள். ஒன்றும் எழுதவில்லை. தட்டு திரும்பி வந்தபோது கிண்ணம் வரவில்லை.

ஐப்பசியில் அடுத்த கணக்கெடுப்பு. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது, மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று சுடலைமணி விசில் அடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வீடு சாமான்கள் இறங்கி வந்தன. ஒன்பதாம் நம்பரில் ஃப்ரிட்ஜ் முதலில் நின்றது, வெயில் தணிந்துவிட்டதால் பின்கட்டு ஃபேன் இரண்டாவதாக நின்றது. அதன் மூன்று இறக்கைகளிலும் மூன்று பொட்டு. விரல் நடுங்காமல், ஒரே அளவில், ஒரே இடத்தில் வைத்த பொட்டுகள். உலகம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையின் கடைசியைச் சுடலைமணிதான் முதலில் பார்த்தார்.

“அக்கா, இது புதுசால்லா இருக்கு?”

எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு நாள், ஒரே ஒரு நாள் கொஞ்ச நேரம் சூடானதால் வெளியே வரத் தகுதி பெற்ற ஒரு இஸ்திரிப் பெட்டி நின்றது. நீலக் கைப்பிடி. நெற்றியில் பொட்டு. மஸ்கட்டுக்கு அவன் கொண்டுபோய், பதினோரு நாளில் பெட்டிக்குள்ளேயே திரும்பி வந்தது அது. நாலு வருஷமாக ஒரு சொட்டு மின்சாரம் தின்னாதது.

“புதுசில்ல தம்பி” என்றாள் உலகம்மாள். “பழசுதான்.”

தூறல் விழத் தொடங்கியது. நாங்கள் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உலகம்மாள் ஃப்ரிட்ஜை எங்கள் பையன்கள் இருவரை வைத்து உள்ளே ஏற்றினாள், ஹால் ஃபேனையும் டிவியையும் மிக்சியையும் எடுத்துப்போனாள், பிறகு வெளியே வந்து வெறும் கையோடு நின்றாள். பின்கட்டு ஃபேனும் இஸ்திரிப் பெட்டியும் தெருவில் இருந்தன. தளவாய் சார் குடையோடு வந்து ஃபேனில் கை வைத்தார். இருக்கட்டும் சார், நான் எடுக்கப் போவதில்லை என்றாள் அவள். நனைந்தால் மோட்டார் காயில் போய்விடும் என்று அவர் சொல்ல வந்தார், ஜெயசீலி டீச்சர் அவர் கையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டு போனார். டீச்சர் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். அதைப் பார்த்து சிவகாமி சாத்தினாள். பிறகு எட்டாம் நம்பர், ஆறாம் நம்பர், எதிர்வரிசை எல்லாம் சாத்தின. பகல் வேளையில் எங்கள் தெருவில் கதவுகளை இப்படிச் சாத்துவது பாடை போகும்போது மட்டும்தான். சுடலைமணி வேப்பமரத்தடிக்குப் போய், மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நாங்கள் யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஜன்னல் இடுக்கு எதற்கு இருக்கிறது. தூறல் தடித்தது. ஃபேன் இறக்கையில் சந்தனம் கரைந்து வழிய ஆரம்பித்தது. உலகம்மாள் நனைந்துகொண்டே வாசலைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து நின்றாள், அவன் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், திரும்பிப் பார்த்தால் வர மாட்டான் என்று பயம். எவ்வளவு நேரம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது எங்களுக்கும்.

அவன் வந்தான். தாடி நெஞ்சு வரை இருந்தது, வெயில் படாத நிறம். நீலக் கோடு போட்ட சட்டை, விமானம் ஏறின அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டை, வயிற்றுப் பக்கம் பொத்தான் இழுத்துப் பிடித்தது. சட்டைக் கைக்கு இஸ்திரி போடத் தெரியாமல் போட்டு இரண்டு மடிப்பு விழுந்திருந்தது. வாசல்படியில் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு இறங்கி, குனிந்து, ஃபேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கையால் இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். உலகம்மாள் அப்போதும் திரும்பவில்லை. அவன்தான் அவள் முன்னால் போய் நின்றான்.

“எம்மா, தனியா மாட்ட முடியல. ஸ்டூலு ஆடுது. கொஞ்சம் பிடிச்சுக்கிடுதியா?”

“பிடிச்சுக்கிடுதேன்” என்றாள் அவள்.